தெரு இருண்ட ஒரு மணி நேரம்

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மகள் கமலினி ஒற்றைக் கைப்பையோடு இராஜபாளையம் வீட்டு வாசலில் வந்து நின்றாளே, அன்றைக்குப் பிடித்த பயம் பெருந்தேவியை இன்னும் விடவில்லை. இப்போது பங்குனி நடக்கிறது.

கமலினியின் கணவன் ரங்கநாத் கை நீட்டுகிறவன் இல்லை. குரலை உயர்த்துகிறவனும் இல்லை. கோபம் வந்தால் மனைவியைச் சாமான் அறைக்குள் விட்டு, விளக்கை அணைத்து, வெளியே பூட்டிவிடுவான். "உன் நல்லதுக்குத்தான்" என்பான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அவனை ஊரே தங்கமான பிள்ளை என்றது. தாங்க முடிந்தவரை தாங்கிவிட்டுத்தான் கமலினி வெளியேறினாள். இன்றைக்கும் கரண்ட் போனால் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள்.

போலீசுக்குப் போகலாம் என்று அவள் சொன்னபோதெல்லாம் பெருந்தேவிதான் தடுத்தாள். "செத்த நேரம் பொறுட்டி. நாலு பேருக்குத் தெரிஞ்சா நம்ம மானம்தான் போகும்."

அந்தச் சனிக்கிழமை காலை பெருந்தேவி பஸ் ஏறி ஆண்டாள் கோயிலுக்குப் போயிருந்தாள். தரிசனம் முடிந்து வெளியே வந்து செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அத்தை, சௌக்கியமா?"

வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருமண், முகம் நிறையச் சிரிப்பு. ரங்கநாத்.

பெருந்தேவி செருப்பை மாட்டாமலே நிமிர்ந்தாள். "வாங்க மாப்பிள்ளை" என்று மட்டும் எப்படியோ வந்தது.

"இன்னைக்கு உங்க தெருவுல எல்லாரும் லைட்டை அணைக்கப் போறியளாமே. வாட்ஸ்அப்ல பாத்தேன். பூமி சூட்டைக் குறைக்கணும்னு ஒரு தெருவே சேருறது நல்ல காரியம்தான்."

"ஆமா, பிள்ளைக ஆசைப்பட்டுச்சு..."

"கமலி இருட்டுன்னா பயப்படுவாளே அத்தை." அவன் குரலில் உண்மையான கவலை மாதிரிதான் இருந்தது. "பத்திரமாப் பாத்துக்கிடுங்க."

அவ்வளவுதான். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். திரும்பி வருகிற பஸ்ஸில் பெருந்தேவிக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

---

மதியம் அவள் நேராகப் போனது எதிர்வீட்டு பிரிஸ்கில்லாவிடம். ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்த விளக்கணைப்பு மாலையை முன்னின்று நடத்துகிறவளும் அவள்தான்.

"பிரிஸ்கில்லா, இன்னைக்கு இதை நிறுத்திர முடியுமா?"

"ஏன்க்கா? சின்னதுக எல்லாம் காலையில இருந்து குதிச்சிக்கிட்டுக் கெடக்குதுக."

"இருட்டுல யாராவது உள்ள புகுந்துட்டா?"

பிரிஸ்கில்லா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "முழுசா இருட்டாக்கப் போறதில்லக்கா. மெயினை யாரும் இறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். ரூம் லைட்டு, போர்டு லைட்டு, அலங்கார லைட்டு, அம்புட்டுதான். மாடிப்படி லைட்டும் தெருவிளக்கும் எரியும். பெரியவங்க இருக்கிற வீட்ல ஆளுக்கு ஒரு துணை. மெழுகுவத்தி, அகல் எதுவும் கூடாது. அதுக்குத்தான் வீட்டுக்கு ஒரு டார்ச் குடுத்திருக்கேன். தெருமுனையில மணல் வாளியும் வச்சாச்சு."

பிறகு, பெருந்தேவியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "யாரைப் பாத்துப் பயப்படுறிய? சொன்னா ரெண்டு பேரை உங்க வாசல்ல நிப்பாட்டுறேன்."

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "ஒண்ணுமில்ல" என்று எழுந்துவிட்டாள்.

கணவர் வேங்கடேசனிடமும் சொல்லவில்லை. சொன்னால் மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கே கிளம்பிவிடுவார். மகளிடம் சொன்னால் அவள் ராத்திரி தூங்க மாட்டாள். ஆக, அந்தப் பயத்தைப் பெருந்தேவி ஒருத்தியே சுமந்தாள். பொழுது சாயச் சாய அது கனத்தது.

---

வேங்கடேசன் சிறிய அளவில் பேண்டேஜ் தொழில் செய்கிறவர். தறிக்காரர்களிடமிருந்து வரும் மெல்லிய துணியைக் கீழ்த்தளத்தில் வெட்டி, சுருட்டி, பாக்கெட் போட்டு மதுரைக்கு அனுப்புவார். மாடியில் குடியிருப்பு. கீழே பின்பக்கம் ஓர் அறை. கூரையைத் தொடும் அளவுக்குத் துணிக்கட்டும் பஞ்சுப் பொதியும் அடுக்கியிருக்கும். ஜன்னல் கிடையாது, உயரத்தில் காற்றுக்கு ஒரு சிறிய திறப்பு மட்டும். இரும்புக் கதவு. வெளியே பூட்டு.

வீட்டிலேயே பலமான கதவு அதுதான் என்று பெருந்தேவிக்குத் தோன்றியது ஆறு மணி வாக்கில்.

ஏழு மணிக்கு மேல் வேங்கடேசன் தெருமுனைக்குப் போன பிறகு அவள் மகளைக் கூப்பிட்டாள்.

"கமலி, நீ கீழ பஞ்சு ரூம்ல இருந்துக்கோ. ஒரு மணி நேரந்தான்."

"என்னத்துக்கும்மா? நான் பிரிஸ்கில்லா அக்காகூட தெருவுல நிக்கேன்னு சொல்லியிருக்கேன். எல்லாரும் இருக்கும்போது எனக்குப் பயமா இருக்காது."

"சொன்னாக் கேளுட்டி."

"யாராவது வாராங்களா?" கமலினியின் குரல் சட்டென்று மாறியது. "அவர் வாராரா?"

பெருந்தேவி மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி இறங்கினாள். போன் அடித்து இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுமே என்று அதையும் வாங்கி வைத்துக்கொண்டாள். தெருவே அணைந்திருக்கும்போது அந்த அறையில் டியூப் லைட் எரிந்தால் திறப்பு வழியாக வெளிச்சம் பளிச்சென்று தெரியும். டார்ச் ஒன்றுதான் இருந்தது, அது வாசலில் காவல் நிற்கிற தனக்கு வேண்டும். ஆனால் பிள்ளை இருட்டில் எப்படி இருப்பாள்?

சமையலறை டப்பாவிலிருந்து ஒரு மெழுகுவத்தியை எடுத்து வந்து, கதவோரம் கிடந்த ஸ்டூலின்மேல் ஏற்றி வைத்தாள். பிரிஸ்கில்லா சொன்னது காதில் ஒலித்தது. ஒரு மணி நேரம்தானே, மகள் பக்கத்திலேயே இருக்கிறாளே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"உள்ள இருக்கேன். பூட்டாதம்மா."

"பூட்டலைன்னா தள்ளிக்கிட்டு வந்துருவான்."

"அம்மா, பூட்டாதம்மா. என்னால முடியாது."

"உன் நல்லதுக்குத்தாண்டி!"

கதவைச் சாத்தினாள். பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

---

ஏழரை மணிக்குச் சங்கு ஊதினார்கள். வீடு வீடாக வெளிச்சம் அணைந்தது. மேலக்கோடி வீட்டில் தொடங்கி ஒவ்வொன்றாக இருள் நெருங்கி வந்தது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். தெருவிளக்குகள் மட்டும் எரிந்தன. பெருந்தேவி கேட்டுக்குப் பின்னால், டார்ச்சை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

செத்த நேரம் கழித்துத் தெருவிளக்கும் அணைந்தது.

"ஏலே, யாருலே அதை அணைச்சது?" யாரோ கேட்டார்கள்.

"நான்தாம்யா! அப்பத்தான நட்சத்திரம் தெரியும்!" பக்கத்து வீட்டுத் தங்கச்சாமியின் குரல். தெருவிளக்குப் பெட்டியைத் திறந்து சுவிட்சை இறக்கிவிட்டார் போலும். பிரிஸ்கில்லா அவரை அதட்டியபடி ஓடுவது கேட்டது. அதற்குள் பிள்ளைகள் வானத்தைப் பார்த்துக் கைதட்டிப் பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

பெருந்தேவிக்குத் தன் கையே தெரியவில்லை.

பின்னால் கதவு தட்டும் ஓசை வந்தது. டம் டம்மென்று இரும்பில் கை அடிக்கும் சத்தம். "அம்மா! அம்மா!"

'பொறுத்துக்கோட்டி. இப்போ வந்தா வாசல் சும்மா கிடக்கும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஓசை பலத்தது. பிறகு, திடீரென்று நின்றுவிட்டது.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. அந்த நிம்மதியை நினைத்தால் இனி எந்த நாளும் அவளுக்குச் சோறு இறங்காது.

சுவரோரமாக யாரோ வந்தார்கள். காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கும் ஓசை. கேட்டருகே நின்றது. அதன் மேலாக ஒரு கை உள்ளே நீண்டு தாழ்ப்பாளைத் தடவியது.

பெருந்தேவி டார்ச்சின் பொத்தானை அமுக்கப் பார்த்தாள். இருட்டில் பொத்தான் அகப்படவில்லை.

"மதினி..." வெளியே இருந்த உருவம் பேசியது. "மதினி, நான்தான். வைஜயந்தி."

ரங்கநாத்தின் அம்மா. கல்யாணத்தன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, மகன் பேசும்போது அவள் வாயைத் திறந்து பெருந்தேவி பார்த்ததே இல்லை.

"அவரு எங்க? உங்களை முன்னால அனுப்பிட்டுப் பின்னால நிக்காரா?"

"நான் ஒருத்திதான் மதினி. பஸ்ல வந்தேன். கதவைத் திறங்க."

"திறக்க மாட்டேன். போயிருங்க. என் பிள்ளையை விட்டுருங்க!"

வைஜயந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திவிட்டாள். காற்றை மோந்து பார்த்தாள்.

"மதினி, துணி கருகுத வாடை வருதே. உங்க வீட்டுக்குள்ள இருந்துதான்."

பெருந்தேவி திரும்பினாள். அத்தனை இருட்டில், பக்கச் சந்து வழியாகத் தெரியும் பின்பக்க அறையின் திறப்பு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் துடித்துக்கொண்டிருந்தது.

எப்படி ஓடினாள் என்று அவளுக்குத் தெரியாது. கதவு முன்னால் போய் நின்றபோது இடுக்கு வழியாகப் புகை வந்துகொண்டிருந்தது. முந்தானை முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். அவிழ்ந்தது, சாவி கீழே விழுந்தது.

"கமலி! கமலி!"

உள்ளே இருமல் கேட்டது. அடித்தொண்டையிலிருந்து, தரையோடு தரையாக.

பெருந்தேவி மண்டியிட்டுத் தரையைத் துழாவினாள். எங்கேயும் இல்லை. அப்போது அவள் தோளுக்கு மேலிருந்து வெளிச்சம் விழுந்தது. வைஜயந்தி தாழ்ப்பாளைத் திறந்து வந்து, அவள் கைவிட்ட டார்ச்சை எடுத்திருந்தாள். சாவி கதவோரம் மினுங்கியது. வைஜயந்திதான் அதைப் பொறுக்கிப் பூட்டில் நுழைத்துத் திருகினாள்.

கதவு திறந்ததும் கமலினி அவர்கள் காலடியிலேயே சரிந்தாள். சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு கதவடியில் படுத்திருந்திருக்கிறாள். இரண்டு பேருமாக அவளை வாசலுக்கு இழுத்தார்கள். காற்றுப் பட்டதும் உள்ளே தீ குப்பென்று எழுந்தது.

"தீ! தீ!" என்று வைஜயந்தி கத்தினாள். இத்தனை காலம் எங்கே வைத்திருந்தாளோ அந்தக் குரலை. தெரு முழுக்கக் கேட்டது.

---

பாட்டு நின்றது. தெருவிளக்கு எரிந்தது. பிரிஸ்கில்லா மூன்றே சொல்லில் ஆட்களைப் பிரித்தாள். "மெயின்! மணல்! போன்!" ஒருவன் ஓடிப்போய் அந்த வீட்டு மெயினை இறக்கினான். மணல் வாளிகள் கைமாறி வந்தன. வேங்கடேசன் பாக்கெட் போடும் இடத்துச் சுவரிலிருந்து தீயணைப்பானைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தார். பிள்ளைகளை இரண்டு பெண்கள் மறுகோடிக்கு அழைத்துப் போனார்கள். தீயணைப்பு வண்டி வருவதற்குள் சுவாலை அடங்கிவிட்டது. ஆனாலும் பொதிக்குள் கங்கு இருக்கும் என்று அவர்கள் ஒவ்வொரு கட்டையும் தெருவுக்கு இழுத்துப் பிரித்து நனைத்தார்கள்.

பிரிஸ்கில்லா தன் வீட்டு முற்றத்தில் குழாயைத் திறந்து, கமலினியின் கையை அதன் கீழே பிடித்தாள். முழங்கை வரை சிவந்து, இரண்டு இடங்களில் தோல் சுருண்டிருந்தது.

"ஆம்புலன்ஸ் வருது. பேஸ்ட், மஞ்சள், ஐஸ்னு யாரும் எதையும் தடவாதிய. தண்ணி மட்டும் ஓடட்டும்."

வேங்கடேசன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "எப்படிம்மா பிடிச்சது?"

"நான் கதவைத் தட்டினேம்ப்பா." கமலினிக்குக் குரல் கம்மியிருந்தது. "மூச்சு முட்டிச்சு. தட்டுனதுல ஸ்டூல் ஆடி, மெழுகுவத்தி வெட்டுத்துணியில விழுந்துட்டு. கையாலதான் அமுக்கிப் பாத்தேன்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் பெருந்தேவி தாங்கியிருப்பாள்.

"நல்லதுக்குத்தான்னு அவரும் சொல்வாரும்மா."

பெருந்தேவி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். மகளின் பக்கத்தில் போக அவளுக்குக் கால் வரவில்லை. வைஜயந்திதான் மருமகளின் தலையைத் தன் மடியில் தாங்கியிருந்தாள்.

"நீங்க எப்படி அத்தை வந்திய?" கமலினி கேட்டாள்.

வைஜயந்தி மருமகளின் நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கினாள். "நீ போன பொறவு அந்த ரூம் சும்மா கிடக்குமா? இன்னைக்குக் கோயில்ல இருந்து வந்தவன், உப்பு கூடிப்போச்சுன்னு என்னை உள்ள விட்டான். சாயந்திரம் வேலைக்காரப் பிள்ளை திறந்துவிட்டுச்சு. போட்டிருந்த செருப்போட பஸ் ஏறிட்டேன். வேற எந்த வீடும் எனக்கு ஞாபகம் வரல."

வேங்கடேசன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் முகம் கறுத்தது. கமலினி நனையாத கையை நீட்டினாள்.

"குடுங்கப்பா. நான் பேசுறேன்."

"வேண்டாம்மா..."

"குடுங்க." வாங்கி ஸ்பீக்கரில் போட்டுத் துணி துவைக்கும் கல்லின்மேல் வைத்தாள்.

"மாமா." ரங்கநாத்தின் குரல், காலையில் கேட்ட அதே மென்மையில். "எங்கம்மாவைக் காணோம். உங்க வீட்லதான் இருக்காங்கன்னு தெரியும். நான் ஸ்டேஷன்ல உக்காந்திருக்கேன். வயசானவங்களைக் கூட்டிட்டுப்போய் வச்சிருக்கியன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

வேங்கடேசன் போனை அணைக்கக் கை நீட்டினார், கமலினி தடுத்தாள்.

"தீப்பிடிச்ச வீடியோ எல்லா குரூப்லயும் வந்துட்டு மாமா. பூட்டின ரூமுக்குள்ள என் பொண்டாட்டி இருந்தாளாமே. நாளைக்கு நான் பூட்டினேன்னு சொல்லுவியளே, இதைப் பூட்டினது யாரு?"

அவன் வரவே இல்லை. வருவதாக எண்ணமும் இருந்திருக்காது. கோயில் வாசலில் ஒரு வார்த்தையை மட்டும் போட்டுவிட்டுப் போனான், மீதியைத் தானே செய்து முடித்திருக்கிறோம் என்பது பெருந்தேவிக்கு அப்போதுதான் உறைத்தது.

தீயணைப்பு வண்டியோடு வந்திருந்த பெண் எஸ்.ஐ. முற்றத்துக்குள் வந்தார். கையில் கரி படிந்த அந்தப் பூட்டு.

"இந்த ரூமை வெளியில பூட்டினது யாருங்க?"

"அது... பூட்டு தானா..." என்று வேங்கடேசன் தொடங்கினார்.

"நான்தான்." பெருந்தேவி முன்னால் வந்தாள். "நான்தாம்மா பூட்டினேன். மெழுகுவத்தி வச்சதும் நான்தான். என்னை என்ன வேணாலும் செய்யுங்க. ஆனா ஏன் பூட்டினேன்னு கேளுங்க. இத்தன நாளும் யாரும் கேட்டிரக் கூடாதுன்னுதான் பயந்துக்கிட்டுக் கெடந்தேன். இப்போ கேளுங்க."

எஸ்.ஐ. கமலினியைப் பார்த்தார். கமலினி மெல்ல எழுந்து உட்கார்ந்து, அம்மாவின் விரலைப் பிடித்தாள். சாமான் அறையைப் பற்றி, பூட்டைப் பற்றி, இன்று அத்தைக்கும் அதே நடந்ததைப் பற்றி அவள் சுருக்கமாகச் சொன்னாள்.

"இதுக்கு வேற யாரும் சாட்சி உண்டா?"

எல்லார் கண்ணும் வைஜயந்தியின் பக்கம் திரும்பியது. "நீங்க அவரோட அம்மாதானே? உங்களையும் பூட்டி வச்சாரா?" என்று எஸ்.ஐ. கேட்டார்.

வைஜயந்தி நிமிர்ந்தாள். உதடு பிரிந்தது.

கல்லின்மேல் போன் இன்னும் இணைப்பில்தான் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவன், சின்னப் பிள்ளை கூப்பிடுகிற மாதிரி, மெதுவாகக் கூப்பிட்டான்.

"அம்மா..."